வீட்டுக் கணக்குக்கு ஒரு செயலி: நான்கு வழிகளில் எதை எடுப்பது?

பிள்ளைகளுக்குக் கணக்குச் செயலி என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. வாய்ப்பாடு, கூட்டல் பந்தயம், நேரம் ஓட ஓடப் பதிலைத் தட்டுவது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கணக்குக்குத் தமிழில் கிடைப்பது மிகவும் குறைவு. அப்படி ஒன்றைச் செய்யலாமா என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்களும் இருக்கிறார்கள், நிரல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 3-ஆம் வகுப்பிலிருந்து 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள்தான் இலக்கு. பணம் அதிகம் இல்லை. ஆகவே நான்கு வழிகளில் ஒன்றை எடுத்தாக வேண்டும்: பயிற்சி விளையாட்டு, தினம் ஒரு கேள்வி, வீட்டு வேலைக்கு உதவும் கருவி, செயலியே இல்லாமல் வாட்ஸ்அப்பும் தொலைபேசியும். எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். போனைக் கீழே வைத்த பிறகு அந்த வீட்டில் எண்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறதா?

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு ஒரு வீட்டைப் பாருங்கள். “எனக்குக் கணக்கே வராதுங்க, அவங்க அப்பாகிட்ட கேட்கச் சொல்லுங்க” என்று ஆசிரியரிடம் சொல்லும் அம்மா ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. இந்த மாதம் ஏலம் 20,000 தள்ளிப் போகிறது. எடுத்தவருக்கு 80,000. தள்ளின 20,000-இல் கமிஷன் 5,000 போக மீதி 15,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. ஆக இந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,250. காகிதம் இல்லாமல், பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவிடுகிறார். கழித்தல், வகுத்தல், சதவீதம் எல்லாம் இதற்குள் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு, அம்மா இப்போது செய்ததும் தன் நோட்டில் இருப்பதும் ஒரே விஷயம் என்று தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் விற்பனை செய்த ஐந்து சிறுவர் சிறுமிகளை வைத்து டெரெசினியா கராஹரும் உடன் இருவரும் செய்த ஆய்வு 1985-இல் வெளியானது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கூட்டல் பெருக்கலாகத் தாளில் கொடுத்தபோது சரியானது 37 சதவீதம்தான். தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் ஒரு காய் 35 க்ரூசேரோ, 10 காய் எவ்வளவு என்று கேட்டால், மூன்று காய்க்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210, இன்னொரு மூன்றுக்கு 315, அப்புறம் ஒன்று, 350 என்று போகிறான். பின்னால் ஒரு பூஜ்யம் போடு என்ற பள்ளி வழி அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. கலிஃபோர்னியாவில் மானுடவியலாளர் ஜீன் லேவ் பெரியவர்களைக் கவனித்தபோதும் இதே கதை. கடையில் பொருள் வாங்கும்போது 98 சதவீதம் சரி, அதே மாதிரிக் கணக்குகளைத் தேர்வாக வைத்தால் 59.

2025-இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பார்த்தது. சந்தைக் கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடம் மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. எனக்கு இதில் உறைப்பது இந்த இரண்டாம் பாதிதான். வாய்ப்பாட்டைப் பத்து மடங்கு வேகமாகச் சொல்லவைத்தாலும் அது தானாக நடந்து கடைத்தெருவுக்குப் போகாது. இரண்டு கணக்கையும் ஒரே பேச்சில் யாராவது சேர்த்து வைக்க வேண்டும். வீட்டில் அதைச் செய்யக்கூடியவர்கள் பெரியவர்கள்தான்.

பயிற்சி விளையாட்டு

நிரல் எழுதும் நண்பர்களுக்கு இதுதான் பிடித்த வழி. காரணமும் நியாயமானதே. கேள்விகளைக் கணினியே தயாரித்துவிடும், பதில் சரியா தவறா என்று உடனே சொல்லிவிடும், நட்சத்திரம் கொடுத்தால் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவார்கள். நால்வழியிலும் செலவு குறைவு இதற்குத்தான். சமையல் முடியும் வரை பிள்ளை அரை மணி நேரம் உருப்படியாக எதையாவது செய்யட்டும் என்று நினைக்கும் தாய்க்கு இது உண்மையான உதவி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு சரளமாக வருவதும் தேவைதான்.

ஆனால் இதில் பெரியவரின் வேலை போனைக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. வேகத்துக்குப் புள்ளி என்பதால், “ஏறக்குறைய எவ்வளவு வரும்?” என்று நிதானமாக யோசிப்பதற்கு இடமே இல்லை. தேங்காய்ப் பையனைப் போல மூன்று மூன்றாகச் சேர்த்துப் போகிற பிள்ளைக்கு நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரியும். இன்னொன்று: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அடிப்படைக் கணக்குப் பயிற்சியைக் கையில் எடுத்திருக்கிறது. அதையே வீட்டிலும் திரையில் திரும்பச் செய்ய நாங்கள் எதற்கு?

கணக்கைப் படம் பிடித்தால் விடையும் வழியும் காட்டும் செயலிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஃபோட்டோமேத் மாதிரியானவை பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன்படலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் பாட்டிக்கும் நடுவில் பேச்சை வளர்க்க அவை ஆகாது. அதை அதோடு விட்டுவிடுகிறேன்.

தினம் ஒரு கேள்வி

இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வானியற்பியல் படித்த லாரா ஓவர்டெக் அமெரிக்காவில் தொடங்கிய பெட்டைம் மேத். இரவு தூங்கப் போகும் முன் பெற்றோர் பிள்ளைக்கு ஒரு சின்னச் செய்தியைப் படித்துக் காட்டி, அதை ஒட்டி ஒன்றிரண்டு கணக்குக் கேள்வி கேட்பார்கள். அவ்வளவுதான். இதைச் சிகாகோ பகுதியில் 22 பள்ளிகளின் 587 முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்குக் கணக்கு இல்லாத, வெறும் வாசிப்புச் செயலியைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2015-இல் முடிவு வந்தது. கணக்குச் செயலியைப் பயன்படுத்திய பிள்ளைகள் ஆண்டு முடிவில் முன்னேறியிருந்தார்கள். அதிகம் பயன்பெற்றது யார் என்றால், கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறை திறந்த வீடுகளில்கூட வித்தியாசம் தெரிந்தது. அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பலன் மூன்றாம் வகுப்பிலும் இருந்தது.

அதே 2015-இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவினால், பிள்ளை அந்த ஆண்டு கணக்கில் குறைவாகவே கற்றுக்கொள்கிறது, அதன் பயமும் கூடுகிறது என்று அது சொன்னது. அப்படியென்றால் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதாது. என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது, பிள்ளை தப்பாகச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்பதையும் செயலி கையில் கொடுக்க வேண்டும். வீட்டுப்பாடத்தில் பெரியவர் தேர்வுக்காரர் ஆகிவிடுகிறார். கதைக் கேள்வியில் அவரும் சேர்ந்து யோசிக்கிறவர்.

நம் வீடுகளுக்கு எழுதினால் கேள்விகள் எப்படி இருக்கும்? “கத்தரிக்காய் கிலோ 48 ரூபாய். முக்கால் கிலோ வேண்டும். கையில் 40 ரூபாய் இருக்கிறது, போதுமா?” காய் வாங்கிப் பழகியவர் அரைக்கிலோ 24, கால் கிலோ 12, மொத்தம் 36 என்பார். பிள்ளை 48-ஐ மூன்றால் பெருக்கி நான்கால் வகுக்கப் பார்க்கும். இரண்டும் 36-இல் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, “நீங்க எப்படிப் போட்டீங்க?” என்று ஒருவரையொருவர் கேட்கவைப்பதுதான் அந்தத் திரையின் வேலை. மார்கழியில் கோலம்: நடுவில் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி, மொத்தம் எத்தனை புள்ளி? நடு வரிசை 7, மேலே 6, 5, 4, கீழேயும் அதே. ஒரு பக்கம் 15, இரு பக்கமும் 30, நடுவோடு 37. அத்தையோ பாட்டியோ எண்ணாமலே சொல்லிவிடுவார்கள். பிள்ளை எண்ணிப் பார்த்துத்தான் நம்பும்.

இந்த வழியின் கஷ்டம் எழுத்து வேலை. ஒரு வருஷத்துக்கு ஓட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான கேள்விகளை, பேச்சுத் தமிழில், ஒவ்வொன்றுக்கும் சுலபம் கஷ்டம் என்று இரண்டு படிகளோடு மனிதர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துப் போட்டால் அது பீட்சாவை எட்டாக வெட்டிக்கொண்டிருக்கும். எழுதினால் போதாது, குரலிலும் பதிய வேண்டும். படிக்கத் தயங்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குத்தானே இது முக்கியமாகப் போக வேண்டும்.

வீட்டு வேலைக் கருவி

என் மனம் அதிகம் சாய்வது இங்கேதான். இதில் செயலி கேள்வி எதையும் இட்டுக்கட்டுவதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. அதில் பிள்ளைக்கு ஒரு பங்கு வாங்கிக் கொடுக்கிறது.

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வது பிள்ளையின் பொறுப்பு. டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், யூனிட் என்று மாறி மாறி எண்கள் வரும்; எது யூனிட் என்று கண்டுபிடிப்பதே முதல் பாடம். ரீடிங் எடுத்த நாளில் 18,240 இருந்தது, இரண்டு வாரம் கழித்து 18,366. 14 நாளில் 126 யூனிட், ஒரு நாளைக்கு 9. இப்படியே போனால் 60 நாளில் 540.

540 என்றால் என்ன ஆகும்? இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டணத்தின் விசேஷம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 225, 900, 600, கூட்டினால் 1,725. 501-ஐத் தொட்டுவிட்டால் அந்த 2.25 படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அது 1,350. அடுத்த 100-க்கு 600, அந்த ஒற்றை யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் அதிகம். அதற்கப்புறம் கட்டணம் ஏறியிருக்கிறது, இந்த 500-ஐத் தாண்டும் படி அப்படியே இருக்கிறது. பில் கட்டும் பெரியவர்களிலேயே பலர் இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில்லை.

இப்போது வீட்டில் ஒரு நிஜமான கேள்வி வந்துவிட்டது. 500-க்குள் நிற்க வேண்டுமென்றால் மீதி 46 நாளுக்கு 374 யூனிட்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு யூனிட் குறைக்க எதை அணைப்பது? ஏசியை ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மிச்சம். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அப்பாவிடம் எடுத்துச் சொல்கிறது என்றால், வகுத்தலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரி, சிக்கல்கள்? முதலாவது, செயலியே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது வெறும் கால்குலேட்டர். ஆகவே விடையை உடனே காட்டக்கூடாது. பிள்ளையும் பெரியவரும் ஆளுக்கொரு மதிப்பீட்டைச் சொல்ல வேண்டும், ஏன் அப்படி நினைத்தார்கள் என்று பேச வேண்டும், அப்புறம்தான் திரை வாயைத் திறக்க வேண்டும். இரண்டாவது, இப்படிப்பட்ட சந்தர்ப்பம் தினமும் வருவதில்லை. முன்பு கடைக்குப் போனால் சில்லறை எண்ணி வாங்கும் கணக்காவது இருந்தது. 2016-இல் யூபிஐ வந்து, பெட்டிக்கடை வரை பரவிய பிறகு 87 ரூபாய் என்றால் 87-ஐத் தட்டி அனுப்பிவிடுகிறோம். நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியை மனதில் போட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கடைகளில் பார்ப்பது குறைந்துவிட்டது. செயலியில் “கடைக்குப் போகிறோம்” என்று ஒரு பொத்தான் இருந்தால், பில் வருவதற்கு முன்னால் பிள்ளை தன் மனக்கணக்கைச் சொல்லிவைக்க அது இடம் கொடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. வீட்டுக் கணக்கு என்பது வீட்டின் அந்தரங்கம். ரெண்டு வட்டிக்கு வாங்கிய கடன், அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமா என்பதை அந்த வீடுதான் தீர்மானிக்க வேண்டும். சம்பளம், கடன், அடகு பற்றி செயலி எதையும் கேட்கவே கூடாது. மீட்டர் எண்ணும் கடை லிஸ்ட்டும் போனிலேயே இருக்க வேண்டும், எங்கள் சர்வருக்கு வரக்கூடாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதை இப்படித்தான் செய்ய வேண்டும்.

செயலியே இல்லாமல்

போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்எம்எஸ்ஸில் போனது. இன்னொரு பகுதியினருக்கு எஸ்எம்எஸ்ஸோடு, வாரம் 15 முதல் 20 நிமிடம் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பேசினார். எஸ்எம்எஸ் மட்டும் வந்த பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அழைப்பு வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் செய்தபோதும் தொலைபேசி அழைப்பு பலன் கொடுத்தது. சாதாரண பட்டன் போன் போதும். நிரல் ஒரு வரிகூட வேண்டாம்.

கணக்குப் போட்டால் கஷ்டம் தெரியும். ஒரு வீட்டுக்கு 20 நிமிடம் என்றால், ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 6 வீடு. வாரத்தில் ஐந்து மாலை என்றால் 30 வீடு. நால்வர் இருந்தால் 120. அதற்கு மேல் போக முடியாது, ஆட்கள் களைத்துப்போவார்கள். பத்தாயிரம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று கனவு காண்பவர்களுக்கு இந்த எண் உற்சாகம் தராது. எனக்கு ஆரம்பத்துக்கு 120 வீடு தாராளம். எந்தக் கேள்விக்குப் பாட்டி உள்ளே வந்து பேசினார், எதற்கு வீடே அமைதியாகிவிட்டது என்பதைக் காதால் கேட்டுவிடலாம். அது எந்த டவுன்லோடு எண்ணிக்கையிலும் தெரியாது.

எந்த வழியை எடுத்தாலும் நம் வீடுகளில் பொருந்த வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு மேல் திரும்பி வரும். ஆகவே தினமும் திறக்காவிட்டால் புள்ளி போய்விடும் என்று மிரட்டும் வடிவமைப்பு அந்த வீட்டுப் பிள்ளைக்கு அநியாயம். நெட் இல்லாமலும் ஓட வேண்டும். திரையைப் பார்க்கும் நேரம் இரண்டு நிமிடம், பேசும் நேரம் பத்து நிமிடம் என்று இருந்தால் நல்லது. பதிலைத் தட்டச்சுச் செய்யச் சொன்னால் பாட்டி விலகிப்போவார். பேசிப் பதிய வழி வேண்டும்.

முடிவாக என் யோசனை இது. பயிற்சி விளையாட்டை விட்டுவிடலாம். அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் செயலி எழுதாமல், நால்வர் சேர்ந்து 120 வீடுகளுக்கு வாரம் இரண்டு கேள்வியைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது, வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுவது. வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்கு அழைப்பிலேயே கேள்வியைச் சொல்லிவிடலாம். பேச்சைக் கிளப்பிய கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு தினம் ஒரு கேள்விச் செயலியைக் கட்டுவது. அந்தச் செயலிக்குள் வீட்டு வேலைக் கருவி ஒன்றே ஒன்று, கரண்ட் பில். கடை லிஸ்ட்டும் சீட்டுக் கணக்கும் பிறகு வரட்டும். நிரல் எழுதும் நண்பர்களுக்கு மூன்று மாதம் சும்மா இருப்பது சிரமம் என்று தெரியும். அவர்களும் அழைப்பில் உட்கார வேண்டும் என்பது என் நிபந்தனை. மாலையில் ஆறு வீடுகளோடு பேசியவர் கட்டும் திரை வேறு மாதிரி இருக்கும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏசியும் ஏர்கூலரும் ஓடும் மார்ச் முதல் ஜூன் வரைதான் பல வீடுகள் 500-ஐத் தாண்டும். நவம்பரில் அழைப்புகளைத் தொடங்கினால் ஜனவரி முடிவில் கேள்விகள் தேறிவிடும், பிப்ரவரிக்குள் மீட்டர் திரையைத் தயார் செய்துவிடலாம்.